பாளையங்கோட்டையிலிருந்து ஒரு பாட்காஸ்ட்: தொடங்கும் முன் தெரிய வேண்டியவை

உங்கள் கேள்வியின் சாரம் இது: நீங்கள் இளம் வக்கீல், கூட்டாளி கல்லூரி ஆசிரியர். இருவரும் பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு அரசியல், சட்டம், பண்பாடு, அன்றாடம் கண்ணில் பட்டும் கவனிக்காமல் விடுகிற சின்ன விஷயங்கள் பற்றித் தமிழில் ஒரு பாட்காஸ்ட் தொடங்கப்போகிறீர்கள். எந்த மைக் வாங்கலாம், எத்தனை நிமிடம் பேசலாம், வழக்கு வம்பு வருமா என்று மூன்று கேட்டிருக்கிறீர்கள். மைக்கைப் பின்னால் வைத்துக்கொள்வோம். அதில் தப்பு செய்தால் ஐயாயிரம் ரூபாயோடு போகும். என்ன பேசுவது, எதை வைத்துப் பேசுவது என்பதில் தப்பு செய்தால் ஆறாவது எபிசோடோடு கடை மூடிவிடும்.

இடம் காலியாக இருக்கிறது என்று நீங்கள் நினைப்பது சரி. தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தியோ நடப்பு அரசியலோ ஒலிபரப்ப மத்திய அரசு விடுவதில்லை. ஆகாசவாணிச் செய்தியை அப்படியே மறு ஒலிபரப்பு செய்யலாம், அவ்வளவுதான். சமுதாய வானொலிக்கும் அதே கட்டுதான். டிவி விவாதங்களோ சென்னையை விட்டு நகர்வதில்லை. சேரன்மகாதேவிக்காரருக்கு வாய்க்காலில் ஏன் தண்ணீர் வரவில்லை என்பதை எந்த அலைவரிசையிலும் யாரும் சட்டத்தோடு சேர்த்து விளக்குவதில்லை. அந்த வேலையை நீங்கள் செய்யலாம்.

நான் சொல்லும் வழி ஒன்றுதான். ஒரு எபிசோடுக்கு ஒரு கேள்வி, அந்தக் கேள்விக்கு ஒரு காகிதம். காகிதம் என்றால் தீர்ப்பு, அரசாணை, குத்தகைப் பத்திரம், கல்வெட்டுப் படி, தகவல் உரிமைச் சட்டத்தில் வந்த பதில் என எதுவாகவும் இருக்கலாம். கையில் காகிதம் இல்லாமல் இரண்டு படித்தவர்கள் அரசியல் பேசினால் அது டீக்கடைப் பேச்சு. டீக்கடையிலேயே அதைவிட நன்றாகப் பேசுவார்கள்.

மாஞ்சோலையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘மாஞ்சோலையின் கதை’ என்று தலைப்பு வைத்தால் நாற்பது நிமிடம் ஓடும், கேட்டவருக்கு ஒன்றும் தங்காது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து எஸ்டேட் கம்பெனி 1929-ல் 99 வருடக் குத்தகைக்குக் காட்டை எடுத்தது. கணக்குப்படி 2028-ல் முடிகிறது. ‘குத்தகை முடிந்தால் தொழிலாளர் குடியிருக்கும் வீடு யாருடையது?’ என்று கேளுங்கள். இப்போது கேள்விக்கு விளிம்பு கிடைத்துவிட்டது. குத்தகை ஷரத்து, வனச் சட்டம், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், உயர் நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் அந்த விளிம்புக்குள் வரிசையாக வந்து நிற்கும். 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணிக் கரையில் 17 பேர் இறந்தது இதே எஸ்டேட் தொழிலாளர்களின் கூலிப் போராட்ட ஊர்வலத்தில்தான். ஆனால் அது வேறு கேள்வி. விசாரணை ஆணைய அறிக்கை என்ற வேறு காகிதம். அதே எபிசோடில் திணித்தால் இரண்டுமே கெடும்.

வ.உ.சி.யும் அப்படித்தான். 1908 மார்ச்சில் கைது, மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், ஜூலையில் நீதிபதி பின்ஹே தீர்ப்பு, இரட்டை ஆயுள் தண்டனை, மேல்முறையீட்டில் குறைப்பு: பள்ளிப் பாடத்தில் இவ்வளவும் இருக்கிறது. வக்கீல் கேட்க வேண்டியது, ‘அன்றைக்கு அவரை உள்ளே தள்ளிய 124ஏ என்ற ராஜதுரோகப் பிரிவு இன்றைக்கு எங்கே?’ என்பது. 2022 மே 11-ல் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டமே போய் பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) வந்துவிட்டது. அதில் 152-ஆம் பிரிவைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் எது போயிருக்கிறது, எது வேறு சொல்லில் நிற்கிறது என்று கேட்பவருக்கே புரியும். இருபது நிமிடத்துக்கு இது போதும்.

காகிதம் கிடைப்பது இப்போது கடினமே இல்லை. மதுரைக் கிளைத் தீர்ப்புகள் உயர் நீதிமன்றத் தளத்தில் இலவசம். கீழ்க்கோர்ட் வழக்கின் நிலையை இ-கோர்ட்ஸ் செயலியில் ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண் போட்டுப் பார்க்கலாம். சட்டமன்ற மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பை அனேகமாக யாரும் படிப்பதில்லை. நெல்லை மாவட்டத்துக்கு எந்தத் திட்டம், எவ்வளவு பணம் என்று அதில் பக்கத்துக்குப் பக்கம் கிடக்கும். வேட்பாளரின் சொத்து, வழக்கு விவரம் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் இருக்கிறது. கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது. தீர்மானப் பதிவேட்டின் நகல் கேட்டு வாங்கலாம்.

தகவல் உரிமைச் சட்டத்துக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, வந்த பதில் மழுப்பலாக இருந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இங்கே பலர் சறுக்குவது கேள்வி கேட்கும் விதத்தில். ‘ஏன் கால்வாயைத் தூர்வாரவில்லை?’ என்று கேட்டால், காரணம் சொல்வது தகவல் ஆகாது என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ‘கன்னடியன் கால்வாயில் இன்ன ஆண்டு தூர்வாரிய வேலையின் மதிப்பீடு, வேலை உத்தரவு, அளவுப் புத்தக நகல்’ என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மனுவுக்கு இரண்டு மாதம் ஆகும் என்று வைத்துக்கொண்டு, இன்றைக்குப் போடுவதை அடுத்த பருவ எபிசோடுக்கென்று போடுங்கள்.

தீர்ப்பைப் படித்துக் காட்டக் காப்புரிமை தடையா என்றால், இல்லை. 1957 காப்புரிமைச் சட்டம் 52(1)(q) தீர்ப்புகளை மறுபதிப்பு செய்ய விடுகிறது. நீதிமன்றமே தடுத்திருந்தால்தான் கூடாது. ஆனால் சட்டப் பத்திரிகைகள் தீர்ப்பின் தலையில் போடும் சுருக்கக் குறிப்பு அவர்கள் எழுதியது. அதை வாசிக்காதீர்கள்.

அடுத்தது ஸ்கிரிப்ட். கையில் இருக்கும் காகிதத்தை இருவர் பேச்சாக மாற்றுவது எப்படி என்பதற்கு நம் பக்கத்திலேயே மாதிரி இருக்கிறது. வில்லுப்பாட்டில் வில்லடித்துப் பாடுபவர் கதையைக் கொண்டுபோவார். குடம் அடிப்பவரும் மற்றவரும் ‘ஆமா’ போடுவார்கள். இடையில் ‘அது எப்படிண்ணே?’ என்று குறுக்கே கேட்பார்கள். கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவன் மனதில் எந்த இடத்தில் சந்தேகம் வரும் என்று அந்தக் குறுக்குக் கேள்வி போடுபவருக்குத் தெரியும். உங்கள் பாட்காஸ்டில் வக்கீல் கதை சொல்பவர் என்றால், ஆசிரியர் அந்த வேலையைச் செய்ய வேண்டும். இருவரும் எல்லாம் தெரிந்தவர்களாகப் பேசினால் கேட்பவருக்கு உள்ளே நுழைய வாசல் இருக்காது.

‘பட்டா இருந்தால் நிலம் நமக்குத்தானா?’ என்ற எபிசோடைப் பாருங்கள். வழக்கமாக இப்படி எழுதுவார்கள்: ‘பட்டா என்பது வருவாய்த் துறையால் வழங்கப்படும் ஆவணமாகும். அது உரிமை ஆவணம் ஆகாது எனப் பல தீர்ப்புகளில் கூறப்பட்டுள்ளது.’ தப்பில்லை. ஆனால் காதில் விழுந்த உடனே வழுக்கி ஓடிவிடும். அதையே இருவர் பேசினால்:

‘அண்ணாச்சி, எங்க அப்பா பேர்ல பட்டா இருக்கு. அப்பொ நிலம் எங்களுக்குத்தானே?’
‘பட்டா யாரு குடுத்தா?’
‘தாசில்தார் ஆபீஸ்ல.’
‘கிரயப் பத்திரம் எங்க பதிஞ்சிய?’
‘சப் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல.’
‘ரெண்டும் வேற ஆபீஸ்லா? ஒருத்தரு தீர்வை யாருகிட்ட வாங்கணும்னு எழுதி வைக்காரு. இன்னொருத்தரு யாரு யாருக்கு வித்தான்னு எழுதி வைக்காரு. கோர்ட்டுல போயி நின்னா ரெண்டாவது ஆள் நோட்டத்தான் மொதல்ல பாப்பாங்க.’
‘அப்பொ பட்டாவுக்கு மதிப்பே இல்லையா?’
‘அப்படிச் சொல்லல. அரசாங்கமே ஏழைக்கு எடம் ஒப்படைச்சுக் குடுத்த பட்டா இருக்குல்லா, அது வேற கணக்கு.’

கடைசி இரண்டு வரியைக் கவனியுங்கள். ஆசிரியர் கேட்ட கேள்வி இல்லாவிட்டால் ஒப்படைப் பட்டா என்ற விதிவிலக்கு விட்டுப்போயிருக்கும். அதைக் கேட்காமல் போன ஒருவர், ‘பட்டா செல்லாதாம்’ என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவார். சட்டம் பேசும் நிகழ்ச்சியில் தலைவலி வருவது பெரும்பாலும் விதிவிலக்கை விட்டதால்தான். ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் முடித்தபின், ‘இது யாருக்குப் பொருந்தாது?’ என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

பேச்சு மொழி பற்றி ஒரு வார்த்தை. செய்தி வாசிக்கும் தமிழ் வேண்டாம். சினிமாக்காரர்கள் செய்கிற நெல்லைத் தமிழும் வேண்டாம். வரிக்கு வரி ‘ஏலே’ போட்டுப் பெரியவரிடம் பேசுகிறவன் எந்த ஊரிலும் இல்லை. வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படி. சட்டச் சொற்களுக்கும் மக்கள் வாயில் இருப்பதே போதும்: வில்லங்கம், தாய்ப்பத்திரம், வாய்தா, வக்காலத்து, ஜாமீன். ‘பிணை’ என்று நீங்கள் சொன்னால் கேட்பவர் ஒரு கணம் நின்று யோசிப்பார். அதற்குள் அடுத்த வரி போய்விடும்.

நீளம் இருபதிலிருந்து இருபத்தைந்து நிமிடம். டவுன் ஆர்ச்சிலிருந்து பாளை பஸ் ஸ்டாண்டு வரும் ஒருவர் நெரிசலோடு ஒரே பயணத்தில் கேட்டு முடிக்கும் அளவு அது. தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு நூறு சொல்லுக்கு முன்பின் வரும். அப்படியானால் ஸ்கிரிப்ட் 2,000 சொல்லைச் சுற்றி இருந்தால் போதும். முழுவதையும் எழுதி வாசிக்கக் கூடாது, வாசிப்பது காதில் தெரிந்துவிடும். தேதி, பிரிவு எண், தொகை, பெயர் ஆகியவற்றை மட்டும் முழுசாக எழுதி, மற்றதைக் குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

பண்பாடு, அன்றாட விந்தை இரண்டுக்கும் காகிதத்தோடு சத்தமும் வேண்டும். இந்த வட்டாரத்தில் அதற்குப் பஞ்சமில்லை. அல்வாவுக்கு ஏன் ரவையோ மாவோ போடாமல் சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுக்கிறார்கள் என்பது நல்ல கேள்வி. பதில் மாவுச்சத்தில் இருக்கிறது. பிழிந்த பாலில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்துதான். சூட்டில் அது தண்ணீரை இழுத்துக் கூழாகி, கிளறக் கிளறக் கண்ணாடி மாதிரி ஆகி, நெய்யை வெளியே விடத் தொடங்கும். கிளறும் துடுப்பின் சத்தம் ஆரம்பத்தில் சளசளவென்று இருக்கும். பதம் வரும்போது கடாயின் அடியில் உராய்ந்து இழுபடும் சத்தமாக மாறும். அந்த இரண்டையும் பத்துப் பத்து நொடி அடுத்தடுத்துப் போட்டால் பதம் என்றால் என்ன என்று நீங்கள் விளக்கவே வேண்டாம். பத்தமடையில் பாய்த் தறி, குறுக்குத்துறை முருகன் கோயில் படித்துறையில் ஆற்றுச் சத்தம், ஆனித் தேரோட்டத்தில் வடம் இழுப்பவர் குரல் எல்லாம் இப்படித்தான். நெல்லையப்பர் கோயில் இசைத்தூண் என்றால் கோயில் நிர்வாகத்திடம் அனுமதி வாங்காமல் மைக்கை எடுக்காதீர்கள்.

கட்டடங்களும் பேசும். கொக்கிரகுளத்தில் ஆற்றின் குறுக்கே இருக்கும் 1843-ஆம் ஆண்டுப் பாலத்துக்குக் கலெக்டர் பெயர் வைக்காமல் அவருக்குக் கீழே சிரஸ்தாராக, அதாவது அலுவலகத் தலைமை எழுத்தராக, இருந்த சுலோசன முதலியார் பெயர் ஏன் வந்தது? அவர் சொந்தப் பணத்தைப் போட்டார் என்பது ஒரு வரிப் பதில். அன்றைக்கு ஆற்றைக் கடக்க ஒரு பாலத்துக்குத் தனி ஆள் பணம் போட வேண்டிய நிலை ஏன் இருந்தது என்பதுதான் எபிசோடு. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் எந்தக் கால்வாய்க்கு முதல் உரிமை, கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவத்துக்கும் தண்ணீர் முறை எப்படி மாறுகிறது என்பது மட்டுமே நாலைந்து எபிசோடு தாங்கும்.

ஆனி, ஆடியில் வெளியே ரெக்கார்டிங் போகிறவர்கள் செங்கோட்டைக் கணவாய்க் காற்றை மறந்துவிடுகிறார்கள். சின்ன ஸ்பாஞ்சு உறை அந்தக் காற்றுக்குப் போதாது. ரோமம் வைத்த உறை வேண்டும். இல்லையென்றால் மைக்கை உடம்பால் மறைத்து, காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள்.

இனி வழக்கு வம்பு. முதலில் உங்கள் இருவர் நிலையையே பார்க்க வேண்டும், வெளியாள் அப்புறம். வக்கீல் தன் தொழிலை நேராகவோ சுற்றி வளைத்தோ விளம்பரம் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் விதி 36 சொல்கிறது. எபிசோடு முடிவில் ‘சட்ட உதவிக்கு இந்த எண்ணில் அழைக்கவும்’ என்று ஒரு வரி வந்தாலே சிக்கல். பெயர் சொல்லலாம், வக்கீல் என்று சொல்லலாம், அலுவலக எண் வேண்டாம். கேட்பவர் அனுப்பும் சொந்த வழக்குக்கு நிகழ்ச்சியில் யோசனை சொல்லவும் வேண்டாம்; அதைப் பொதுக் கேள்வியாக மாற்றி எடுங்கள். உங்களிடம் வழக்கு கொடுத்த கட்சிக்காரர் சொன்னதை, பெயரை மாற்றிக்கூடப் பேசக் கூடாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 132 அதைக் காக்கிறது. வழக்கு முடிந்த பிறகும் அந்தக் கடமை முடிவதில்லை. கூட்டாளி அரசுக் கல்லூரியில் இருந்தால் 1973 அரசு ஊழியர் நடத்தை விதிகள் பொருந்தும். அரசின் கொள்கையைப் பொதுவெளியில் விமர்சிப்பது அவருக்குக் கட்டுப்பட்ட விஷயம். உதவி பெறும் கல்லூரி என்றாலும் நடத்தை விதி உண்டு. பண்பாடு, விந்தை எபிசோடுகளுக்கு எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு, அரசியல் எபிசோடில் விமர்சன வாயை வக்கீலிடம் விடுவது நல்லது.

அவதூறு பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவிக் கிடக்கிறது: உண்மையைத்தானே சொன்னேன், என்ன செய்துவிட முடியும் என்பது. சிவில் வழக்கில் உண்மை முழுப் பாதுகாப்பு. கிரிமினலில் அப்படி இல்லை. பி.என்.எஸ். 356-ன் முதல் விதிவிலக்கு, சொன்னது உண்மையாகவும் இருக்க வேண்டும், பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டு வருடம் வரை சிறை உள்ள குற்றம். 2016-ல் உச்ச நீதிமன்றம் கிரிமினல் அவதூறு செல்லும் என்று சொல்லிவிட்டது. இன்னொரு பக்கம், ஆட்டோ சங்கர் வழக்கு என்று நாம் சொல்லும் 1994 ராஜகோபால் தீர்ப்பு, கோர்ட் ஆவணம் உள்ளிட்ட பொதுப் பதிவில் இருப்பதை யார் அனுமதியும் இல்லாமல் பேசலாம் என்கிறது. இங்கேயும் காகிதம்தான் காப்பாற்றுகிறது. ‘அவர் ஊழல் செய்தார்’ என்பது உங்கள் வாக்குமூலம். ‘இன்ன தேதி இன்ன நீதிமன்றம் அவர் மீது இன்ன குற்றச்சாட்டைப் பதிவு செய்தது, வழக்கு நடக்கிறது’ என்பது பதிவு. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை நாக்கில் பழக்க வேண்டும்; பேச்சு சூடாகும்போதுதான் முதல் வகை வாக்கியம் வாயில் வரும்.

குழந்தைகள் சம்பந்தப்பட்ட வழக்கில் தயவு தாட்சண்யம் கிடையாது. இளைஞர் நீதிச் சட்டம் 74, குழந்தைகளைப் பாலியல் குற்றத்திலிருந்து காக்கும் பாக்ஸோ சட்டம் 23 இரண்டும் குழந்தையின் பெயர் மட்டுமல்ல, பள்ளி, தெரு, பெற்றோர் என அடையாளம் காட்டும் எதையும் தடுக்கின்றன. நம் மாவட்டத்தில் பள்ளி மாணவர் சாதி மோதல் அடிக்கடி செய்தியாகிறது. சின்ன ஊரில் பள்ளிப் பெயரைச் சொன்னாலே யார் பிள்ளை என்று தெரிந்துவிடும். அந்தத் தலைப்பை எடுத்தால், 2024-ல் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு அரசுக்குக் கொடுத்த அறிக்கையின் பரிந்துரைகளை வைத்துப் பேசுங்கள், சம்பவத்தை விட்டுவிடுங்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர் எந்த வயதினராக இருந்தாலும் பி.என்.எஸ். 72 பெயர் சொல்வதைக் குற்றமாக்குகிறது. சாதி, மதப் பகையைத் தூண்டுவது 196-ல் வரும். பேட்டி கொடுப்பவர் வாயிலிருந்து வந்தாலும் வெளியிட்டது நீங்கள்தான்.

தீர்ப்பை விமர்சிக்கலாமா என்று வக்கீல்களே தயங்குகிறார்கள். முடிந்துபோன வழக்கின் தீர்ப்பை அதன் தகுதி பற்றி நியாயமாக விமர்சிப்பது அவமதிப்பு ஆகாது என்று 1971 நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் ஐந்தாம் பிரிவே சொல்கிறது. நீதிபதிக்கு உள்நோக்கம் கற்பித்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். தேர்தல் காலத்தில் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் தேர்தல் பற்றி எதையும் வெளியிடாதீர்கள். எக்ஸிட் போல் எண்களை ஆணையம் குறித்த நேரம் முடியும்வரை தொடவே வேண்டாம். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் செய்தி, நடப்பு நிகழ்வு வெளியிடுவோருக்குக் குறைதீர்ப்பு அலுவலர் முதலிய கடமைகளை வைக்கின்றன. தொழிலாக, முறையாகச் செய்யாத தனி ஆளுக்கு அந்த வரையறையில் விலக்கு உண்டு. விளம்பரம் வாங்கத் தொடங்கும் நாளில் அந்த விலக்கு உங்களுக்கு இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள்.

பாட்டு. முப்பது நொடிக்குள் போட்டால் சினிமாப் பாட்டுக்குக் காப்புரிமை இல்லை என்பது யாரோ கிளப்பிவிட்ட கதை. அப்படி ஒரு விதி சட்டத்தில் இல்லை. எழுதியவர் காலத்துக்குப் பின் 60 வருடம், ஒலிப்பதிவுக்கு வெளியான பின் 60 வருடம். வ.உ.சி. 1936-ல் காலமானார், 1996 முடிவோடு அவர் எழுத்தின் காலம் தீர்ந்தது, தாராளமாக வாசிக்கலாம். பாரதி பாட்டை நீங்களே பாடினால் சரி, யாரோ பாடிய ரெக்கார்டைப் போட்டால் அது வேறு உரிமை. நம்மூர் உடுக்கை, குடம் வாசிப்பவரிடம் பதினைந்து நொடி முகப்பு இசை வாங்குங்கள், மரியாதையாகப் பணம் கொடுங்கள், ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதில் காலமும் எல்லையும் குறிக்கப்பட வேண்டும். குறிக்காவிட்டால் சட்டம் 19-ஆம் பிரிவுப்படி ஐந்து வருடம், இந்தியாவுக்குள் மட்டும் என்று எடுத்துக்கொள்ளும். துபாயில் இருக்கும் மேலப்பாளையத்துக்காரர் கேட்பது அந்த எல்லைக்கு வெளியே.

இப்போது மைக். கண்டென்சர் மைக் வாங்காதீர்கள். ஸ்டூடியோவில் அது அருமை, வீட்டில் அடுத்த தெரு நாய் குரைப்பதும் விழும். பக்கத்துக் குரலை மட்டும் எடுக்கும் டைனமிக் மைக் மூவாயிரத்திலிருந்து ஐயாயிரத்துக்குள் யு.எஸ்.பி. வகையில் கிடைக்கிறது. ஆனால் இரண்டு யு.எஸ்.பி. மைக்கை ஒரே லேப்டாப்பில் செருகி ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஒன்றாகப் பதிவது படாத பாடு. ஒரே மைக்கை நடுவில் வைத்து இருவர் பேசுவதும் உதவாது. செலவு குறைவான வழி, ஆளுக்கு ஒரு போனில் சட்டை மைக் மாட்டித் தனித்தனியாகப் பதிந்து, தொடக்கத்தில் ஒருவர் கைதட்டுவது. எடிட்டிங்கில் இரண்டு கைதட்டல் முனையையும் நேராக வைத்தால் பேச்சு ஒத்துப்போகும். நீளமான பதிவில் இரண்டு போனின் கடிகாரமும் கொஞ்சம் விலகும். முடிவிலும் ஒரு தட்டு தட்டிவைத்தால் எவ்வளவு விலகியது என்று தெரியும். இருவர் மைக்குக்கும் இடையே உள்ள தூரம், வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். குறைந்தால் ஒருவர் குரல் இரண்டிலும் விழுந்து குழாய்க்குள் பேசுவது மாதிரி ஆகும்.

கையில் பிடிக்கும் மைக் என்றால் வாயிலிருந்து நாலு விரல் தூரம், நேராக வைக்காமல் கன்னத்துப் பக்கம் சற்றுச் சாய்வாக. சோதனைக்கு வெளியூர் வாக்கியம் தேவையில்லை. ‘பாளையங்கோட்டை, பத்தமடை, பாப்பாக்குடி, பாபநாசம்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘ப’ வெடித்தால் மைக்கை இன்னும் சாயுங்கள். ‘சேரன்மகாதேவி, சுத்தமல்லி, சீவலப்பேரி’ என்று சொல்லும்போது சீறினால் கொஞ்சம் தள்ளுங்கள். அளவு முள் உச்சத்தில் −12 டெசிபலைத் தொட்டால் போதும். பேசும்போது சரியாக இருக்கும், சிரிக்கும்போது உடையும். உடைந்த ஒலியைப் பிறகு ஒட்டவே முடியாது. அதனால் சோதனையில் ஒரு தடவை வாய்விட்டுச் சிரித்துப் பாருங்கள்.

அறைதான் பெரிய வில்லன். வெறுஞ்சுவர், மொசைக் தரை, உயரமான கூரை உள்ள பழைய வீடுகளில் எதிரொலி நிச்சயம். பாயை விரித்தால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். மெல்லிய பாய் சத்தத்தைக் குடிக்காது. மெத்தையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து, துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதைப் பார்த்தபடி உட்காருங்கள். ஃபேன், ஏ.சி., பிரிட்ஜ் மூன்றையும் அணைக்க வேண்டும். பிரிட்ஜுக்குள் பைக் சாவியை வைத்துவிட்டால் திரும்பப் போட மறக்க மாட்டீர்கள். சித்திரை வெயிலில் ஃபேன் இல்லாமல் இருபது நிமிடம் ஆகாது, ஏழெட்டு நிமிடத் துண்டுகளாகப் பதியுங்கள். அதிகாலை நல்ல நேரம், மார்கழி தவிர. லேப்டாப்பை சார்ஜரிலிருந்து கழற்றிவிட்டால் பின்னணியில் வரும் ஹம் பெரும்பாலும் போய்விடும். கரண்டு போய் இன்வெர்ட்டர் ஓடும்போது பதிய வேண்டாம், அதன் இரைச்சல் மின்சார வழியாகவே ஏறும். பேச்சு முடிந்தபின் பத்து நொடி யாரும் மூச்சு விடாமல் அறையின் வெறும் சத்தத்தைப் பதியுங்கள். எடிட்டிங்கில் அது வேண்டும்.

எடிட்டிங்கில் ஆடாசிட்டி போதும், இலவசம். வரிசை முக்கியம்: முதலில் அந்தப் பத்து நொடியைக் காட்டி இரைச்சல் நீக்கம், 6 முதல் 12 டெசிபல் வரை. அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வரும். பிறகு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, 3:1 கம்ப்ரஷன் (சத்தம் கூடும் இடத்தை அடக்குவது), கடைசியில் மொத்த ஒலி அளவை மோனோ என்றால் −19, ஸ்டீரியோ என்றால் −16 எல்.யு.எஃப்.எஸ். என்ற கேட்பு அளவுக்குக் கொண்டுவந்து, உச்சம் −1-ஐத் தாண்டாமல் லிமிட்டர். பிறகு சத்தமான பஸ்ஸில் உட்கார்ந்து சாதா இயர்போனில் கேளுங்கள். அங்கே புரியாத வரி எங்கேயும் புரியாது. ‘வந்து’, ‘அதாவது’ எல்லாவற்றையும் வெட்டினால் மனிதர் பேசுவது மாதிரி இருக்காது. பாதியை விடுங்கள்.

வெளியீடு சுலபம். 64 கே.பி.பி.எஸ். மோனோ எம்பி3-யில் 25 நிமிடம் 12 எம்.பி.தான் வரும். ஆர்.எஸ்.எஸ். (புது எபிசோடைச் செயலிகளுக்குத் தானே தெரிவிக்கும் இணைய ஓடை) தரும் ஏதாவது ஒரு ஹோஸ்டிங்கில் ஏற்றினால் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் இரண்டுக்கும் போய்விடும். முகப்புப் படம் 3000-க்கு 3000 பிக்சல் சதுரம். நம் பக்கத்தில் பெரும்பாலோர் கேட்பது யூடியூபில், அதிலும் வாட்ஸ்அப்பில் வந்த சுட்டி வழியாக. அதனால் நிலைப்படம் ஒன்றோடு யூடியூபிலும் போடுங்கள், தலைப்பில் கேள்வியை அப்படியே வையுங்கள். முழுப் பேச்சையும் எழுத்தாகக் கீழே கொடுங்கள். காது கேளாதோர் பள்ளிக்குப் பெயர் போன ஊரில் இருந்துகொண்டு அதை விடுவது அழகில்லை.

தப்பு நேர்ந்தால் சத்தமில்லாமல் வெட்டி மறுபடி ஏற்றாதீர்கள். விவரக் குறிப்பில் தேதி போட்டுத் திருத்தம் எழுதி, அடுத்த எபிசோடின் முதல் நிமிடத்தில் சொல்லுங்கள். பேட்டி எடுக்கும்போது பெயர், தேதி, வெளியிடச் சம்மதம், தேவைக்கு வெட்டுவோம் என்ற நாலையும் பதிவின் தலையிலேயே அவர் வாயால் சொல்ல வையுங்கள். மூலப் பதிவையும் அழிக்காதீர்கள். அவதூறுக்கு சிவில் வழக்குப் போட ஒரு வருடம், கிரிமினல் புகாரை நீதிமன்றம் எடுக்க மூன்று வருடம் காலக்கெடு. யாராவது ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று வந்தால் வெட்டாத கோப்புதான் பேசும். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் மோனோவில் அரை மணி நேரம் ஏறக்குறைய 173 எம்.பி. இரண்டு பேருக்கு வாரம் ஒன்று என்றால் வருடத்துக்கு 18 ஜி.பி., மூன்று வருடத்துக்கு 54. ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க்கில் அடங்கும். நகல் ஒன்றைக் கூட்டாளி வீட்டில் வையுங்கள்.